பவர் ஸ்டியரிங்கின் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

காரோட்டி தன் கைகளால் ஸ்டியரிங்கில் செலுத்தும் பலத்தோடு, என்ஜினிலிருந்தோ மின்மோட்டாரிலிருந்தோ பெற்ற பலத்தையும் சேர்த்து முன்சக்கரங்களைத் திருப்பும் சாதனம் பவர் ஸ்டியரிங் எனப்படும். அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியில் பொறியாளராயிருந்த பிரான்சிஸ் டேவிஸ் 1920-களிலேயே எண்ணெயழுத்தத்தால் இயங்கும் இவ்வகை அமைப்பைச் செய்துகாட்டினாராயினும், விற்பனைக்கு வந்த பிரயாணிக் கார்களில் அது முதன்முதலாக இடம்பெற்றது 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில்தான். மின்மோட்டாரின் உதவியால் இயங்கும் முறை 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்னும் சிறு காரில் வந்தது. நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த மாருதி 800 இவ்விரண்டில் எதுவும் இல்லாமலே ஒரு தலைமுறையினருக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்தது. இன்றோ மிகச் சிறிய காரிலும் மின்சார ஸ்டியரிங் சர்வசாதாரணமாகிவிட்டது.

சிக்கந்தராபாத்தின் வடகிழக்கில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கிழக்கு, மேற்கு மாரெட்பள்ளிப் பகுதிகளில் இச்சாதனத்தின் குறைகள் மறைந்திருக்க இடமில்லை. நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் காருக்கு ஸ்டியரிங்கின் உதவி சொற்பமே தேவைப்படும். நின்ற இடத்தில், அல்லது ஆமை வேகத்தில், சக்கரத்தை முழுவதுமாக ஒடிக்கும்போதுதான் அது தன் முழுச் சக்தியையும் காட்ட வேண்டியிருக்கிறது. இருபுறமும் வண்டிகள் நிற்கும் குறுகிய தெருக்களும், கிழக்கு மாரெட்பள்ளியை அடுத்துள்ள மகேந்திரா ஹில்ஸின் சரிவான வளைவுகளும் அத்தகைய நிர்ப்பந்தத்தை நித்தியமும் உண்டாக்குகின்றன. சரிவில் இறங்குகையில் காரின் பாரம் முன்சக்கரங்களின் மேல் சாய்வதால் ஸ்டியரிங் மேலும் கனக்கும். 40 பாகையைத் தாண்டும் கோடை வெயில் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. மழைக்காலத் தண்ணீர் கிழிந்த ரப்பர் உறைகளின் வழியே உட்புகுந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது.

‘ஸ்டியரிங் டைட்டாக இருக்கிறது’ என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பத்து காரணங்கள் இருக்கக்கூடுமாதலால், விலையுயர்ந்த உறுப்பில் கைவைக்குமுன் மலிவான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிவருவதே குறை கண்டறியும் கலையின் சாரம். முதலில் பார்க்கவேண்டியது டயர். 30 பாயிண்ட் காற்று இருக்கவேண்டிய டயரில் 20 பாயிண்ட்தான் இருக்குமானால், தரையோடு உராயும் பரப்பு விரிந்து, பழுதேயில்லாத ஸ்டியரிங்கும் பழுதுற்றதைப் போலக் கனக்கும். உற்பத்தியாளர் விதித்த அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் இருக்கும். ஒரு பக்கமாகக் கார் இழுத்துச் செல்வதும் அநேகமாக டயரின் ஏற்றத்தாழ்வாலோ அலைன்மென்ட் பிசகாலோ நேர்வதேயன்றி, பவர் ஸ்டியரிங்கின் குற்றமாக இருப்பது அபூர்வம்.

அடுத்த பரிசோதனை மிக எளியது. ஆனால் பலரும் செய்யத் தவறுவது. முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி ஜாக்கியால் உயர்த்தி, காரை ஸ்டாண்டுகளின்மேல் உறுதியாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியால் பூட்டு விடுவிக்கப்பட்ட நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாரம் நீங்கிய பிறகும் அது கனக்குமானால் குறை உதவியில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது: துருப்பிடித்த பால்ஜாயிண்ட், இறுகிய ராக் (சக்கரங்களை இருபக்கமும் தள்ளும் பற்சட்டம்), அல்லது ஸ்ட்ரட்டின் தலைப்பிலுள்ள பேரிங். ஒரு முழுச் சுற்றில் இருமுறை கனத்து இருமுறை இலேசாகுமானால், ஸ்டியரிங் தண்டையும் ராக்கையும் இணைக்கும் சிறு தண்டின் ஜாயிண்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஏறக்குறைய நிச்சயமாகக் கூறலாம். வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாததும் இதே இனத்தைச் சேர்ந்த குறை. இவற்றில் எதற்கும் பம்பையோ மோட்டாரையோ மாற்றுவதால் ஒரு பயனும் விளையாது.

இச்சோதனையில் குறை தென்படாவிட்டால் உதவி தரும் பாகத்தை ஆராயலாம். எண்ணெய் முறையில், என்ஜினின் பெல்ட்டால் சுழலும் பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்ப, ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள வால்வு அதை ராக்கின் இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பிவிடுகிறது. திருப்பும்போது எழும் கீச்சென்ற ஒலி தளர்ந்த பெல்ட்டையும், தொடர்ந்த முனகல் ஒலி ஆயில் குறைவையோ உள்ளே கலந்த காற்றையோ சுட்டும். நுரைத்த ஆயில் காற்றின் அடையாளம். கறுத்துத் தீய்ந்த வாடை வீசுவது அதிக உஷ்ணத்தின் அடையாளம். ஆயில் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிவருவதால் அளவு குறைந்தால் கசிவு உண்டென்றே பொருள். ராக்கின் இரு முனைகளிலுமுள்ள ரப்பர் உறையைப் பிதுக்கிப் பார்த்து, உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ராக்கின் சீல் போய்விட்டதென அறியலாம்.

பம்பா, ராக்கா என்ற விவாதத்தைத் தீர்த்துவைப்பது அழுத்தமானி. பம்புக்கும் ராக்குக்கும் நடுவே மானியையும் அடைப்பு வால்வையும் இணைத்து, ஆயில் சூடேறியபின் வால்வை 5 விநாடிக்கு மேற்படாமல் மூடினால், நல்ல பம்ப் தனக்கு விதிக்கப்பட்ட அழுத்தத்தை எட்டிவிடும். எட்டாவிட்டால் குறை பம்பில் அல்லது அதை ஓட்டும் பெல்ட்டில். எட்டியும், வால்வைத் திறந்து ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தபோது அதே அழுத்தம் வராவிட்டால் ராக்கினுள்ளே ஆயில் ஒழுகுகிறது. காலையில் இலேசாகவும் பகல் உஷ்ணத்தில் கனமாகவும் இருக்கும் ஸ்டியரிங்குக்கு இந்தச் சோதனை இன்றியமையாதது, ஏனெனில் சூட்டில் ஆயில் நீர்த்துப்போவதால் தேய்ந்த சீல்களின் ஒழுக்கு அப்போதுதான் வெளிப்படும். சிக்கந்தராபாத் ராணிகஞ்சின் உதிரிபாகக் கடைகளில் ராக் கிடைப்பது சுலபம் என்பதற்காக, மானியின் சாட்சியமில்லாமல் அதை மாற்றத் துணிவது உரிமையாளருக்கு இழைக்கும் அநியாயமென்றே சொல்ல வேண்டும்.

மின்சார முறையில் ஆயிலும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கை கொடுக்கும் முறுக்கத்தை ஒரு சென்சார் அளந்து கூற, கட்டுப்பாட்டுப் பெட்டி காரின் வேகத்தையும் கணக்கிட்டு மோட்டாருக்கு மின்சாரம் அளிக்கிறது. நின்ற இடத்தில் திருப்பும்போது அம்மோட்டார் பல பத்து ஆம்பியர்களை இழுக்குமாதலால், இங்கே முதற்சந்தேகம் பாட்டரியின் மேலும் ஆல்டர்னேட்டரின் மேலும் விழ வேண்டும். என்ஜின் ஓடும்போது பாட்டரியின் முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். பிறகு முனைகளின் பூப்பு, பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டின் துரு, ஃப்யூஸ் ஆகியவற்றைப் பார்த்து, அதன்பின்னரே பதிவான பிழைக் கோட்களை ஸ்கேனரால் படிப்பது முறை. வேகத்தைக் கூறும் சமிக்ஞை கிடைக்காவிட்டாலும் ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரியும். குறுகலான இடத்தில் பலமுறை ஒடித்துத் திருப்பியபின் கனத்து, சற்று நேரம் கழித்துச் சீராவதோ, மோட்டார் கருகாதிருக்கும்படி உள்ள தற்காப்பு ஏற்பாடு. அதைப் பழுதென்று கருதலாகாது.

உதவி முழுவதும் அற்றுப்போனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்பிணைப்பு அறுவதில்லை. பலமாகத் திருப்பிக் காரை ஓரங்கட்டலாம். ஆனால் ஸ்டியரிங்கின் விளிம்பில் 30 மில்லிமீட்டருக்கு மேல் வெற்றாட்டம் காண்பதும், மேடுபள்ளத்தில் டொக்கென்ற ஒலி கேட்பதும் அவ்விணைப்பே தேய்வதற்கு அறிகுறிகளாதலால், அவற்றைக் கனத்தைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டும்.

பழுது நீக்கியபின், எண்ணெய் முறையில் முன்சக்கரங்களை உயர்த்தி, என்ஜினை ஓடவிடாமலே ஸ்டியரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றி, ஆயில் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். மின்சார முறையில் சென்சாரின் நடுநிலையை ஸ்கேனரால் மறுபடி பதிவுசெய்ய வேண்டும்.