மன்னார்த் தீவு: நிலமும் ஊர்களும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இராமேஸ்வரத்தை நோக்கி நீண்டு கிடக்கும் மணல்தீவு மன்னார்; பரப்பு ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, மேற்கு முனைக்கு அப்பால் இராமர் அணையின் மணல்திட்டுகள். கிழக்கே ஒரு தாம்போதி தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிறது. இத்தீவை இந்தியாவுக்குப் போகும் வழியாகவே பலரும் எழுதிவந்திருக்கிறார்கள். தலைமன்னாருக்கு அது பொருந்தும். மற்ற ஊர்களை நிலைநிறுத்தியவை கிணறும் காற்றும்தான். ஆறில்லாத தீவு இது. மாரி மழை மணலில் ஊறி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவோடு இறைத்தால் நன்னீர், மிஞ்சினால் உப்பு. சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் அடங்கியிருக்கும். வாடை தொடங்கினால் நிலை மாறிவிடும். தீவு ஒடுங்கியது என்பதால் வள்ளத்தையும் வாடியையும் கரை மாற்றிக்கொள்ளலாம். வடகரையில் பேசாலையும் தென்கரையில் தாழ்வுபாடும் கடற்றொழில் ஊர்களாக நீடிப்பதற்கு இந்த வசதி பெருங்காரணம்.

ஊர்களை உண்டாக்கியது வணிகமும் அரசும் அல்லவா என்று கேட்கலாம். பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்க மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வர். போர்த்துக்கேயர் 1560இல் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினர், 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஆனால் மன்னாரில் கத்தோலிக்கம் தழுவியவர்களைச் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொன்றது 1544இல். கோட்டைக்கு முன்பே இங்கு குடியிருப்புகள் இருந்தன என்பதற்கு அதுவே சான்று. போக்குவரத்தை மட்டும் நம்பிய இடம் என்னவாகும் என்பதற்குத் தலைமன்னார்த் துறையைப் பார்த்தால் போதும். 1914இல் ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் அதை வளர்த்தன. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது, பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரால் நின்றது. 2015இல் ரயில் திரும்பியது, கப்பல் திரும்பவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது தீவின் முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டி சில நாட்களில் வெறிச்சோடியது. பலர் கடல்வழியே புத்தளம் பக்கம் போயினர். கிணறும் காற்றும் அவர்களைக் காக்கவில்லை. ஊர் எங்கே அமையும் என்பதை நிலம் சொல்லும். அங்கே யார் வாழலாம் என்பதைத் துப்பாக்கி வைத்திருப்பவனும் தீர்மானிக்கிறான். போருக்குப் பின் ஒரு பகுதியினர் பழைய ஊருக்கே திரும்பினர்.

இன்றைய வழக்கும் மணலைப் பற்றியதே. தென்கரையில் நடுக்குடாப் பக்கம் 2020 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன; கனிய மணல் அகழ்வுக்கான முயற்சிகளும் நடக்கின்றன. இரண்டையும் எதிர்த்து மக்கள் போராடியிருக்கிறார்கள். காற்றாலையால் மின்சாரமாவது கிடைக்கிறது. அகழ்வின் சங்கதி வேறு: தோண்டிய குழியை நிரப்பிவிடலாம் என்ற பதில், நன்னீரைத் தாங்கும் அடுக்கு பழையபடி கூடுமா என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை.