ஓவன் வேண்டாத சிட்ரஸ் ட்ரஃபிள்

சிட்ரஸ் ட்ரஃபிள் என்பது எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி போன்ற பழங்களின் மணம் ஏற்றிய சாக்லெட் உருண்டை. உருக்கிய சாக்லெட்டையும் கிரீமையும் கலந்து, குளிரவைத்து இறுகியதும் கையால் உருட்டி, மேலே சர்க்கரைத் தூளிலோ கோகோத் தூளிலோ புரட்டி எடுப்பார்கள். மாவு, முட்டை, ஓவன் எதுவும் வேண்டாம்; அடுப்பும் ஃப்ரிட்ஜும் போதும். பொருள்களும் நான்கைந்துதான். ஆனாலும் வீட்டில் செய்கிறவர்களிடம் அடிக்கடி சொதப்பிவிடும் இனிப்பு இது. பழத்தின் சாற்றை நம்பிச் செய்வதே பெரும்பாலும் அதற்குக் காரணம். இந்த உருண்டைக்கு வேண்டிய மணம் தோலில் இருக்கிறது. சாறு புளிப்பைத் தரும். கூடவே தண்ணீரையும் கொண்டுவந்து சேர்க்கும்.

பின்னணி

சாக்லெட் ட்ரஃபிள் பிரான்சில் பிறந்தது. 1895இல் சவுவா பகுதியின் ஷாம்பெரி நகரில் லூயி டுஃபூர் என்ற இனிப்புக் கலைஞர் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதை உருவாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கோகோத் தூள் அப்பிய கரடுமுரடான உருண்டை, மண்ணுக்குள் விளையும் விலையுயர்ந்த ட்ரஃபிள் காளானை ஒத்திருந்ததால் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் கச்சிதமான உருண்டையாக வராவிட்டாலும் யாரும் குறை சொல்வதில்லை.

சிட்ரஸும் சாக்லெட்டும் சேர்ந்த கதையில் தோலுக்கே முதலிடம். ட்ரஃபிளில் சேர்க்கப்படும் குவாண்ட்ரோ, கிராண்ட் மார்னியே ஆகிய பிரெஞ்சு மதுவகைகள் ஆரஞ்சுத் தோலின் மணத்தைச் சாராயத்தில் இறக்கித் தயாரிக்கப்படுபவை. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1932இல் அறிமுகமான 'டெரீஸ் சாக்லெட் ஆரஞ்சு' பழச்சுளைகளைப் போலவே பிரியும்; அதற்கு மணம் தருவது ஆரஞ்சு எண்ணெய். பெரிய தொழிற்சாலைகள் செய்வதையே வீட்டில் துருவியை வைத்துச் செய்கிறோம்.

ஆரஞ்சு, கசப்பேறிய கறுப்புச் சாக்லெட்டோடு நன்றாகச் சேரும். எலுமிச்சைக்கு வெள்ளைச் சாக்லெட்தான் பொருத்தம். வெள்ளைச் சாக்லெட்டைத் தனியாகத் தின்றால் திகட்டும் என்பவர்கள் பலர்; அவர்கள் சொல்வதில் தவறில்லை. அந்தத் திகட்டலைச் சமன் செய்ய எலுமிச்சையைவிடச் சிறந்த துணை கிடையாது.

தோலும் சாறும்

சிட்ரஸ் பழத்தின் தோலில் இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியே தெரியும் நிறமுள்ள மெல்லிய அடுக்கில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாக எண்ணெய்ப் பைகள் நிறைந்திருக்கும். ஆரஞ்சுத் தோலை விளக்குச் சுடருக்கு முன் மடித்து நசுக்கினால் பொறி பறப்பது இந்த எண்ணெயால்தான். அதன் கீழே இருக்கும் வெள்ளைச் சதை கசக்கும். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் ஆகியவற்றில் இந்தக் கசப்புக்கு முக்கியக் காரணம் நாரிஞ்சின் என்ற பொருள். எனவே துருவும்போது நிறம் போய் வெள்ளை தெரிந்தவுடன் பழத்தைத் திருப்பிவிட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டாம் தடவை தேய்க்கக் கூடாது.

தோல் எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன். ஆரஞ்சு எண்ணெயில் அது 90 சதவீதத்துக்கும் மேல். எலுமிச்சைக்கு அதன் தனி அடையாளத்தைத் தரும் சிட்ரால் சில சதவீதம் மட்டுமே இருந்தாலும் மூக்கு அதைத்தான் முதலில் பிடிக்கிறது. இவையெல்லாம் கொழுப்பில் கரைபவை, தண்ணீரில் கரையாதவை. ட்ரஃபிளோ ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பும் சர்க்கரையும்தான்: கோகோ பட்டர், வெண்ணெய், கிரீம். தோலின் மணம் குடியேற இதைவிடத் தோதான இடம் சமையலறையில் இல்லை. சாற்றிலோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எலுமிச்சையில் 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். அந்தத் தண்ணீரும் அமிலமும் சாக்லெட்டையும் பாலையும் என்ன செய்யும் என்பது பின்னால் வருகிறது.

மேல்நாட்டுச் செய்முறைகளில் "இரண்டு எலுமிச்சையின் தோல்" என்று இருந்தால், அது நம் கடைகளில் கிடைக்கும் பழம் அல்ல. அங்கே சொல்லப்படுவது தடித்த மஞ்சள் தோலுடைய பெரிய லெமன். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் நாட்டு எலுமிச்சை வேறு இனம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கீ லைம் என்று கொண்டாடப்படும் அதே பழம். உருவில் சிறியது, தோல் மெல்லியது, மணமோ கூர்மையானது. ஒரு லெமனுக்கு இரண்டு நாட்டு எலுமிச்சை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தோல் மெல்லியதாக இருப்பதால் வெள்ளைச் சதை சட்டென்று வந்துவிடும். கை அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். கெட்டியான, பளபளப்பான பழமாகப் பார்த்து எடுப்பது நல்லது. வாடிச் சுருங்கிய பழத்தில் சாறு இருக்கலாம், தோலில் எண்ணெய் இருக்காது.

நாக்பூர் ஆரஞ்சு போன்ற தளர்ந்த தோலுடைய பழங்களை உரிப்பதற்கு முன்பே துருவிவிட வேண்டும். உரித்த தோலைத் துருவியில் தேய்க்கவே முடியாது. இறக்குமதி ஆரஞ்சுகளின் மேல் பெரும்பாலும் மெழுகுப் பூச்சு இருக்கும். வெந்நீரில் நனைத்துத் துணியால் அழுத்தித் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தபின் துருவலாம்.

துருவியைப் பற்றி ஒரு செய்தி. சமையல்காரர்கள் இன்று கொண்டாடும் மைக்ரோபிளேன் துருவி, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் மரவேலைக்கான அரமாகத் தயாரிக்கப்பட்டது. 1990களில் கனடாவில் தச்சுக்கருவிக் கடை நடத்தியவரின் மனைவி, கேக்குக்கு ஆரஞ்சுத் தோல் சீவப் பழைய துருவி சரிப்படாமல் கடை அரத்தை எடுத்துத் தேய்த்துப் பார்த்ததில்தான் அது சமையலறைக்குள் வந்தது. அது இல்லாவிட்டால் இஞ்சி துருவும் சிறு கண் துருவியே போதும். மிக்சியில் தோலை அரைப்பது மட்டும் வேண்டாம், வெள்ளைச் சதையும் சேர்ந்து அரைபட்டு எல்லாம் கசந்துவிடும்.

சாக்லெட், கிரீம், வெண்ணெய்

அமெரிக்க, ஐரோப்பிய விதிகளின்படி வெள்ளைச் சாக்லெட்டில் குறைந்தது 20 சதவீதம் கோகோ பட்டரும் 14 சதவீதம் பால் திடப்பொருளும் இருக்க வேண்டும். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைக் கட்டிகள் பெரும்பாலும் 'காம்பவுண்ட்' வகை. அவற்றில் கோகோ பட்டருக்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு இருக்கும். வெயில் காலத்தில் காம்பவுண்ட் சுலபமாகக் கைகொடுக்கும் என்பது உண்மைதான். மேல்பூச்சுக்கு அதைப் பயன்படுத்தலாம். உள்ளே வைத்தால் நாக்கில் மெழுகு போல ஒட்டும், எலுமிச்சையின் நுண்மணமும் மங்கிவிடும். உறையில் பொருள்பட்டியலைப் படித்து, கோகோ பட்டர் என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பதே வழி.

கிரீமிலும் வேறுபாடு உண்டு. பிரெஞ்சுச் செய்முறைகள் 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீமைக் கருத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்தியக் கடைகளில் சிறு பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதமே இருக்கும். மிச்சத்தில் தண்ணீர் அதிகம். அதைப் பயன்படுத்தினால் அளவை ஆறில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டு வெண்ணெயைச் சற்றுக் கூட்டலாம். வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும்.

செய்முறை

சுமார் 15 கிராம் எடையுள்ள 20 முதல் 24 உருண்டைகளுக்கு: வெள்ளைச் சாக்லெட் 250 கிராம், கிரீம் 60 மில்லி, வெண்ணெய் 40 கிராம், நான்கு நாட்டு எலுமிச்சையின் தோல் துருவல், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, புரட்ட ஐசிங் சுகர் அரைக் கோப்பை. சித்திரை, வைகாசியில் செய்வதானால் சாக்லெட்டை 300 கிராமாக உயர்த்துவது புத்திசாலித்தனம்.

கிரீம், வெண்ணெய், தோல் துருவல் மூன்றையும் சிறு பாத்திரத்தில் சேர்த்து, ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து மூடி வைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் எண்ணெய் கொழுப்பில் இறங்கிவிடும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டுத் துருவலை நேராகச் சாக்லெட்டில் கலப்பவர்கள் உண்டு. மணம் பாதிதான் வரும். பல்லில் துருவல் தட்டுப்படுவது பிடிக்காதவர்கள் வடிகட்டிக்கொள்ளலாம். ஆனால் அங்கங்கே தெரியும் மஞ்சள், பச்சைத் துகள்கள் அழகாகவே இருக்கும்.

பொடியாக நறுக்கிய சாக்லெட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, மெல்லக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின்மேல் வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. கிரீம் கலவையை மறுபடி சூடாக்கிச் சாக்லெட்டின்மேல் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி மெதுவாகக் கலக்கினால் வழவழப்பான கூழ் கிடைக்கும். இதற்குக் கனாஷ் என்று பெயர். வெள்ளைச் சாக்லெட் சூட்டைத் தாங்காது. 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பால் புரதம் திரண்டு மணல் மணலாகும். மைக்ரோவேவில் உருக்குபவர்கள் பாதி வலுவில் 15 விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளற வேண்டும்.

சாறு சேர்ப்பது கடைசியில், கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகு. உருகிய வெறும் சாக்லெட்டில் சில சொட்டுச் சாறு விழுந்தாலே சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் கட்டிதட்டிப்போகும். கொதிக்கும் கிரீமில் விட்டால் பனீருக்குப் பால் திரிவது போலத் திரியும். கிரீமும் சாக்லெட்டும் ஒன்றாகிவிட்ட பின்னர் ஒரு தேக்கரண்டி சாறு ஆபத்தில்லை. இரண்டு தேக்கரண்டி வரை தாங்கும். அதற்கு மேல் புளிப்பு வேண்டுமென்றால் சாற்றைக் கூட்டாமல், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலப் பொடியைக் கால் சிட்டிகை, மேலே புரட்டும் சர்க்கரையில் கலக்கலாம். நாக்கில் பட்டவுடன் புளிப்பும் பின்னர் இனிப்புமாக வரும் அந்த வரிசை உண்மையில் சாறு கலந்ததைவிட நன்றாக இருக்கிறது.

கலவையில் எண்ணெய் தனியே மிதந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை. கொழுப்பைப் பிடித்து வைக்கத் தண்ணீர் போதாமல் போனதன் அறிகுறி அது. ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலை விட்டு நடுவிலிருந்து கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

கனாஷின் மேற்பரப்பைத் தொடும்படி பிளாஸ்டிக் தாளால் மூடி, அரை மணி நேரம் வெளியே ஆறவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். உருட்டும்போது உள்ளங்கைச் சூட்டில் இது உடனே இளகும், கோகோ பட்டர் உருகுநிலை 34 டிகிரியை ஒட்டியதுதானே. கையைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துக்கொண்டு, சிறு கரண்டியால் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டே சுற்றில் முடிப்பது நல்லது. பாதிக் கலவையை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவைத்துத் தவணையாக எடுக்கலாம்.

ஐசிங் சுகர் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும் என்பதால் உருட்டியவுடன் ஒருமுறை, பரிமாறும் முன் ஒருமுறை புரட்டுவது வழக்கம். உலர்ந்த தேங்காய்த் துருவல், பொடித்த பிஸ்தா ஆகியவையும் ஒத்துப்போகும். கறுப்புச் சாக்லெட்டில் செய்த ஆரஞ்சு ட்ரஃபிளுக்குக் கோகோத் தூளே போதும். அதற்குக் கிரீமின் அளவைச் சாக்லெட் எடையில் பாதியாகக் கூட்டி, வெண்ணெயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உறவினங்கள்

கனாஷ் இல்லாத உருண்டைகளும் ட்ரஃபிள் என்றே அழைக்கப்படுகின்றன. கறாராகப் பார்த்தால் அவை அதில் சேரா. எனினும் வீடுகளில் அதிகம் செய்யப்படுவது அவைதான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிஸ்கட் தூள், தேங்காய்த் துருவல், வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க், எலுமிச்சைத் தோல் சேர்த்துச் செய்யும் 'லெமன் ஸ்லைஸ்' பிரபலம். அதே கலவையை உருட்டினால் ட்ரஃபிள். 200 கிராம் மேரி பிஸ்கட் தூள், 50 கிராம் தேங்காய்த் துருவல், 50 கிராம் உருக்கிய வெண்ணெய், 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், மூன்று எலுமிச்சையின் தோல், ஒரு மேசைக்கரண்டி சாறு என்பது நம்பத்தக்க அளவு. இங்கே சாறு தொல்லை தராது, நன்மையே செய்யும்: கண்டென்ஸ்டு மில்க்கின் புரதத்தை அமிலம் கெட்டிப்படுத்துகிறது. பிரேசிலில் கண்டென்ஸ்டு மில்க்கை வெண்ணெயோடு அடுப்பில் கிளறி உருட்டும் பிரிகடெய்ரோவிலும் எலுமிச்சை வகை உண்டு. நம் ஊர்ப் பால்கோவா கிளறிப் பழகிய கைக்கு அது எளிதில் வரும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கிறிஸ்துமசுக்குச் செய்யும் ஆரஞ்சு உருண்டையில் வேஃபர் தூள், ஐசிங் சுகர், பீக்கன் கொட்டை, உறைந்த கெட்டி ஆரஞ்சுச் சாறு ஆகியவை சேரும்.

ஒரு வகையை மட்டும் தவிர்க்க வேண்டும். பாக்கெட் கேக் கலவையை வேகவைக்காமல் அப்படியே பிசைந்து உருட்டுவது அமெரிக்காவில் பரவியது. பச்சை மாவில் ஈ. கோலி, சால்மனெல்லா கிருமிகள் இருக்கலாம். 2016இல் அங்கே மாவின் வழியே ஈ. கோலி தொற்று பல மாநிலங்களில் பரவியது. வேகாத மாவை உண்ண வேண்டாம் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. பிஸ்கட் தூள் ஏற்கெனவே வெந்தது என்பதால் அதில் இந்தப் பயம் இல்லை.

வைத்திருத்தல்

கிரீம் சேர்ந்த ட்ரஃபிள் வெளியே வைக்கும் பண்டமல்ல. காற்றுப்புகாத டப்பாவில், வெங்காயம், மீன் போன்றவற்றின் வாடை எட்டாத தட்டில் வைத்தால் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். வெள்ளைச் சாக்லெட் அக்கம்பக்கத்து வாடையை விரைவில் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும். அப்போது ஐசிங் சுகரில் புரட்டாமல் வைக்க வேண்டும். வெளியே எடுக்கும் முன் ஒரு இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, டப்பாவைத் திறக்காமலே குளிர் இறங்கவிட்டால் மேலே நீர் பூக்காது. குளிரில் எலுமிச்சை மணம் அடங்கியிருக்கும் என்பதால் உண்பதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே வைப்பார்கள். சென்னை வெயிலில் ஐந்து நிமிடம் தாராளம்.