ஹர்த்தால்: கடைப்பூட்டிலிருந்து தண்டவாளம் வரை

குஜராத்தியில் ‘ஹட்’ கடை, ‘தாள்’ பூட்டு. கடைக்குப் பூட்டுப் போடுவதே ஹர்த்தாலின் மூல அர்த்தம். பூட்டுவதற்கு ஒரு கடை வேண்டும் என்பதால், உடைமையாளர்களிடம் பிறந்த சொல் இது. 1669-இல் சூரத் வணிகர்கள் காஜியின் மதக் கெடுபிடி தாங்காமல் கடைகளை மூடிவிட்டுப் பரூச்சுக்குப் போய்விட்டார்கள். 1810-11-இல் காசியில் வீட்டுவரியை எதிர்த்துக் கடைகள் அடைக்கப்பட்டபோது கைவினைஞர்களும் படகோட்டிகளும் கூடவே தொழிலை நிறுத்தினார்கள். சொல் கடைத்தெருவைத் தாண்டியது அப்படித்தான். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுவதும் ஹர்த்தால் நடத்தலாம் என்ற எண்ணம் 1919-இல் காந்திக்கு உதித்தது சென்னையில், ராஜாஜி வீட்டில் தங்கியிருந்தபோது. இந்தியில் இன்று அந்தச் சொல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையே முதலில் குறிக்கிறது. தமிழகத்தில் கடையடைப்பும் பந்தும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இலங்கையில் அது வேறு ஆழத்துக்குப் போனது. 1953 ஜூலையில் டட்லி சேனநாயக்க அரசு, 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை 70 சதம் ஆக்கியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில், தபால் கட்டணங்கள் ஏறின. கொரியப் போர்க்கால ரப்பர் விலை சரிந்து கஜானா வற்றிப்போனதுதான் காரணம் என்றது அரசு. காரணம் உண்மையே. ஆனால் அந்தப் பற்றாக்குறையை ஏழையின் சோற்றுப்பானையில் ஈடுகட்டத் துணிந்ததை எந்தக் கணக்கும் நியாயப்படுத்தாது.

ஆகஸ்ட் 12-க்கு ஹர்த்தாலை அறிவித்தவர்கள் இடதுசாரிகள். முன்னால் நின்றது சமசமாஜக் கட்சி. தமிழரசுக் கட்சி ஆதரித்தது. பூட்ட எந்தக் கடையும் இல்லாத கிராமத்து மக்கள் மேற்கு, தெற்குக் கரையோரத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், சாலைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூஃபவுண்ட்லாண்ட்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகளில், சொந்த மக்களுக்கு அஞ்சியவர்கள் பழைய எசமானனின் கப்பலில் ஏறினார்கள்.

ஆளும் வட்டம் அதற்கு முன்பே விரிசல் கண்டிருந்தது. 1951-இல் பண்டாரநாயக்க பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டார். 1952-இல் தந்தை இறந்ததும் டட்லி பிரதமரானார். அந்தப் பதவி தனக்கே உரியது என்றிருந்த உறவினர் ஜோன் கொத்தலாவல ஆறாத மனத்தாங்கலோடு மந்திரிசபையில் இருந்தார். ஹர்த்தாலுக்குப் பின் 1953 அக்டோபரில் டட்லி விலக, கொத்தலாவல பிரதமரானார். அரிசி விலையும் இறங்கியது. ஹர்த்தாலில் நேரடியாக இறங்காத பண்டாரநாயக்கவே 1956-இல் ஆட்சியைப் பிடித்தார். உயிர் கொடுத்தவர்களுக்கும் பலன் எடுத்தவர்களுக்கும் நடுவில் இருந்த அந்தத் தூரம் என்னை உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது மலையகம். குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த தோட்டத் தொழிலாளர்கள், நாட்டின் மிகப் பெரிய உழைப்பாளர் கூட்டமாக இருந்தும், பெரும்பாலும் அந்த ஹர்த்தாலுக்கு வெளியே நின்றார்கள். பிறகு வடக்கு, கிழக்கில் தமிழர் உரிமைப் போராட்டத்தின் சொல்லாக ஹர்த்தால் நிலைத்தது. அங்கே அதன் வர்க்கச் சாயல் வெளுத்துவிட்டது.

2022 ஏப்ரலில் ஆளும் வட்டம் மறுபடியும் விரிசல் கண்டது: 40-க்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் ராஜபக்ச அரசிலிருந்து விலகினார்கள். மே 6-ஆம் தேதி தொழிற்சங்கங்கள் மறுபடியும் நாடளாவிய ஹர்த்தாலுக்கு அழைத்தன. இம்முறை தேயிலைத் தோட்டங்களிலும் வேலை நின்றது.