டிஜிட்டல் வானொலி நேயரைத் தேடிய கதை

1987இல் ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்களும் மின்னணு நிறுவனங்களும் ‘யுரேகா 147’ என்ற கூட்டு ஆராய்ச்சியில் இறங்கின. அதிலிருந்து பிறந்ததுதான் டி.ஏ.பி. எனப்படும் டிஜிட்டல் வானொலி முறை. காரில் போய்க்கொண்டே பண்பலை கேட்பவருக்கு அன்று பெரிய தொல்லை ஒன்று இருந்தது. மலையிலும் கட்டடத்திலும் மோதித் திரும்பும் அலைகள் நேரே வரும் அலையோடு கலந்து ஒலியைக் குலைத்தன. டி.ஏ.பி. இதற்கு அழகான தீர்வு கண்டது. ஒலியை எண்களாக்கி 1,536 சிறு அலைகளில் பங்கிட்டு அனுப்பினால், மோதித் திரும்பும் அலையும் நேர் அலைக்கு வலுவே சேர்க்கும். நாடு முழுவதும் உள்ள கோபுரங்கள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தலாம், ஒரே அலைத்தொகுப்பில் எட்டு, பத்து நிலையங்களை ஏற்றலாம், மின்செலவும் குறைவு.

பொறியியல் நோக்கில் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. நேயர்தான் வரவில்லை. 1995 ஜூன் 1 அன்று நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே., டி.ஏ.பி.யில் மட்டும் ஒலிக்கும் செவ்வியல் இசை நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பி.பி.சி.யும் டிஜிட்டல் ஒலிபரப்பில் இறங்கியது. அதைக் கேட்பதற்கான பெட்டி கடைகளில் இல்லை. சில ஆண்டுகள் கழித்து வந்த முதல் பெட்டிகள் ஸ்டீரியோ அமைப்போடு இணைக்க வேண்டியவை. விலை பல நூறு பவுண்டு. சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, காரில் ஒன்று என்று ஏற்கெனவே ரேடியோ வைத்திருந்த குடும்பம், நன்றாகவே கேட்கும் நிலையத்தை இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்பதற்காக அவ்வளவு பணத்தைக் கொடுக்க முன்வரவில்லை. 1999இல் பிரிட்டனில் ‘டிஜிட்டல் ஒன்’ என்ற தேசிய வணிக ஒலிபரப்பு தொடங்கிய பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

திருப்பம் 2002இல் வந்தது. ‘ப்யூர்’ நிறுவனம் ‘எவோக்-1’ என்ற சிறிய பெட்டியை 99 பவுண்டுக்குக் கொண்டுவந்தது. மரச்சட்டமும் கைப்பிடியுமாகப் பழைய ரேடியோவின் தோற்றத்திலேயே இருந்த அதைச் சமையலறை மேடையில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதே ஆண்டு பி.பி.சி., பண்பலையில் கிடைக்காத புதிய நிலையங்களை வரிசையாகத் தொடங்கியது. மாற்று ராக், பழைய அரிய இசைப்பதிவுகள் ஆகியவற்றுக்கான ‘6 மியூசிக்’ மார்ச்சிலும், பழைய நகைச்சுவைத் தொடர்களையும் நாடகங்களையும் ஒலிபரப்பிய ‘பி.பி.சி. 7’ டிசம்பரிலும் வந்தன. ஒலித்தரம் என்ற வாக்குறுதி ஏழாண்டுகளில் சாதிக்காததை, கட்டுப்படியாகும் விலையில் ஒரு பெட்டியும் வேறெங்கும் கிடைக்காத நிகழ்ச்சிகளும் சாதிக்கத் தொடங்கின. 2010இல் செலவைக் குறைப்பதற்காக 6 மியூசிக்கை மூடும் யோசனையை பி.பி.சி. முன்வைத்தபோது, நேயர்கள் பெரும் எதிர்ப்பைத் திரட்டினார்கள், அதன் மேற்பார்வை அமைப்பான பி.பி.சி. அறக்கட்டளை அந்த யோசனையை ஏற்க மறுத்தது. அதற்குப் பின் அந்த நிலையத்தின் நேயர் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது.

இடையில் நடந்த இன்னொன்று, நேயரைப் பற்றி எந்தச் சந்தை ஆய்வையும்விட அதிகம் சொல்கிறது. 2008 ஜனவரியில் ‘ஒன்வேர்ட்’ என்ற நூல் வாசிப்பு, நாடக நிலையம் மூடப்பட்டது. காலியான இடத்தில், முன்பு இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஒரு தோட்டத்தில் பதிவு செய்யப்பட்டிருந்த பறவைகளின் ஒலி திரும்பத் திரும்ப ஓடவிடப்பட்டது. அறிவிப்பாளர் இல்லை, விளம்பரம் இல்லை, பாட்டும் இல்லை. அதற்கும் நேயர்கள் சேர்ந்தார்கள். 2009இல் வேறொரு நிலையம் வந்து பறவைகளின் ஒலி நின்றபோது, அதை விரும்பிக் கேட்டவர்கள் வருந்தினார்கள்.

ஒலித்தர வாக்குறுதியோ தேய்ந்துகொண்டே போனது. ஓர் அலைத்தொகுப்பின் கொள்ளளவு மாறாதது. நிலையங்களைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கும். வணிக நிலையங்கள் பல, மோனோ ஒலிக்கே இறங்கின. அலை வலுவிழக்கும் இடத்தில் பண்பலை இரைச்சலோடாவது பேசும், டி.ஏ.பி. சற்றே குமிழியிட்டுவிட்டு அடியோடு அடங்கிவிடும். தாமதம் இன்னொரு குறை. எண்களாக்கித் திரும்ப ஒலியாக்க ஓரிரு நொடிகள் ஆவதால், பி.பி.சி.யின் புகழ்பெற்ற கிரீன்விச் மணிக்குறி டி.ஏ.பி. பெட்டியில் பிந்தி ஒலித்தது. சமையலறையில் பண்பலைப் பெட்டியும் கூடத்தில் டிஜிட்டல் பெட்டியும் இருந்த வீட்டில், ஒரே செய்தியை இருவர் மாறி மாறி வாசிப்பதுபோலக் கேட்டது. பின்னர் வந்த டி.ஏ.பி. பிளஸ், புதிய ஒலிச்சுருக்க முறையால் இடநெருக்கடியைத் தீர்த்தது. ஆனால் முதலில் நம்பி வாங்கியவர்களின் பெட்டிகளில் அது எடுக்கவில்லை.

பிரிட்டனில் மொத்த வானொலிக் கேட்பில் டிஜிட்டல் வழிகளின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டியது 2018இன் முதல் காலாண்டில்தான். டி.ஏ.பி.யோடு இணையமும் தொலைக்காட்சி வழிக் கேட்பும் சேர்ந்த கணக்கு அது. பண்பலையை 2015 வாக்கில் குறைத்துவிடலாம் என்று அரசு ஒருகாலத்தில் எண்ணியிருந்தது. 2021இல் வெளிவந்த ஆய்வறிக்கையோ 2030 வரையாவது பண்பலை தொடர வேண்டும் என்றது. புதிய கார்களில் டி.ஏ.பி. வழக்கமான வசதியாகியிருந்தது. பெட்டியைத் தேடிப் போய் வாங்காதவர்களுக்கும் காரோடு சேர்ந்து அது வந்துவிட்டது.

நார்வே காத்திருக்கவில்லை. 2017 ஜனவரி 11 காலை 11:11 மணிக்கு வடக்கே நூர்லான் மாவட்டத்தில் தேசியப் பண்பலை ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. மாவட்டம் மாவட்டமாக நகர்ந்து டிசம்பரில் பணி முடிந்தது. உலகில் இதைச் செய்த முதல் நாடு நார்வே. மலைகளும் கடற்கழிகளும் நிறைந்த நிலத்தில் பண்பலைக் கோபுரங்களைப் பராமரிக்க டி.ஏ.பி.யைவிட எட்டு மடங்கு செலவாகிறது, பண்பலையில் ஐந்து தேசிய நிலையங்கள்தான் என்றால் டி.ஏ.பி.யில் 22 என்பவை அரசுத் தரப்பின் வாதங்கள். மக்கள் அதை ஏற்கவில்லை. நிறுத்தத்துக்குச் சற்று முன் ‘டாக்பிளாடே’ நாளிதழ் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 66 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் 17 விழுக்காடு. சாலையில் ஓடிய பழைய கார்கள் ஏராளமானவற்றில் டி.ஏ.பி. கிடையாது, தனிக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. தேசிய நிலையங்கள் நேயர்களை இழந்தன. பண்பலையிலேயே தொடர அனுமதி பெற்ற உள்ளூர் நிலையங்களுக்கு அது வாய்ப்பானது. ஒலிபரப்புச் செலவு மிச்சமானது உண்மை. நேயரின் விருப்பத்தைக் கேட்காமல் மிச்சம் பிடித்ததும் உண்மை.

டி.ஏ.பி. எல்லா நாட்டிலும் நிலைக்கவும் இல்லை. பின்லாந்து 2005இல் அதை நிறுத்தியது. கனடாவிலும் அது கைவிடப்பட்டது.

இந்தியாவின் அனுபவம் வேறு வழியில் சென்றது. 2000 மார்ச்சில் ஏவப்பட்ட ‘ஆசியாஸ்டார்’ செயற்கைக்கோள் வழியே ‘வேர்ல்ட்ஸ்பேஸ்’ நிறுவனம் சந்தா வானொலியை நடத்தியது. கர்நாடக இசைக்கு ‘ஸ்ருதி’, தமிழுக்கு ‘கே.எல். ரேடியோ’ என்று தனித்தனி நிலையங்கள். விளம்பர முகமாக ஏ.ஆர். ரஹ்மான். நாள் முழுக்கக் கச்சேரி கேட்க வேறு வழியில்லாத காலத்தில் அது பல வீடுகளுக்குப் பெரிய கொடையாக இருந்தது. ஆனால் அதன் ஆன்டெனா செயற்கைக்கோளை நேராகப் பார்க்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போக முடியாது. நிறுவனம் 2008இல் திவாலாகி, 2009 டிசம்பர் 31 அன்று இந்தியச் சேவையை நிறுத்தியது. வேறெதற்கும் பயன்படாத பெட்டிகள் சந்தாதாரர்களிடம் தங்கின.

அகில இந்திய வானொலி தேர்ந்தது டி.ஆர்.எம். முறை. பழைய மத்திய அலை, சிற்றலை வரிசைகளிலேயே எண்முறை ஒலியை அனுப்பும் இம்முறை, பரந்த நாட்டுக்குப் பொருத்தமானது. ஒரே கோபுரம் பல மாவட்டங்களை எட்டும். 2009இல் தில்லி அருகே சிற்றலையில் தொடங்கிய பணி, பிறகு சென்னை உட்பட 35க்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகளுக்கு விரிந்தது. பெட்டிதான் இங்கும் சிக்கல். சில நூறு ரூபாய்க்கு டிரான்சிஸ்டர் கிடைக்கும் நாட்டில், டி.ஆர்.எம். பெட்டிக்குப் பல ஆயிரம் ரூபாய். கார் நிறுவனங்கள் சில தம் வண்டிகளில் இவ்வசதியைப் பொருத்தின. வயலில் பண்ணைச் செய்தி கேட்கும் விவசாயிக்கோ, கடலில் வானிலை அறிவிப்பை எதிர்பார்க்கும் மீனவருக்கோ அதனால் பயனில்லை. மத்திய அலையை நம்பியிருந்தவர்கள் இவர்களே.

பண்பலையும் ஒருகாலத்தில் இதே நிலையில் இருந்ததுதான். இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியபோது, அதை எடுக்கும் பெட்டி மிகச் சிலரிடமே இருந்தது. மலிவான சட்டைப்பை ரேடியோவும், பின்னர் பண்பலை எடுக்கும் கைபேசியும் வந்த பிறகே அது தேநீர்க் கடைக்கும் பேருந்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

2025 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் டிஜிட்டல் வானொலிக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா உட்பட 13 நகரங்களில், பண்பலையையும் டிஜிட்டலையும் ஒரே அலைவரிசையில் சேர்த்து ஒலிபரப்பலாம், நாடு முழுவதற்கும் ஒரே தொழில்நுட்பம் போதும் என்பவை அவற்றின் சாரம். பண்பலையை நிறுத்த நாள் எதுவும் குறிக்கப்படவில்லை.