ஏற்றமும் இறக்கமும்: கடலூர், தில்லை வட்டாரக் கொடி மரபு

கொடி என்னும் சொல் தமிழில் படரும் பயிரையும் பறக்கும் துகிலையும் ஒருங்கே குறிக்கும். இரண்டும் பற்றி நிற்க ஒரு கொம்பை வேண்டுவன. தொல்காப்பியம் ‘கொடிநிலை’ என்பதனைக் கடவுள் வாழ்த்தோடு சேர்த்து எண்ணுகிறது. அச்சொல்லுக்குக் கொடியென இளம்பூரணரும் ஞாயிறென நச்சினார்க்கினியரும் பொருள் கொண்டனர். இருவர் நோக்கிலும் அது வணங்கத்தக்கதே. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் தெய்வக் கொடியும், புலவர் வாதிட உயர்த்திய கொடியும், கலங்களின் கொடியும், கள் விற்போர் கொடியும் அடுத்தடுத்துப் பறக்கின்றன.

கொடியின் ஏற்றத்தைப் பாடியோர் பலர். அதன் இறக்கத்தை எண்ணிப் பார்த்தோர் சிலர். கொடிக்குச் செய்யும் மரியாதை அதனை இறக்கும் முறையிலேதான் முழுமை பெறுகிறது என்பதை நம் வட்டார வரலாற்றைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டையில் பறந்த கொடிகள்

கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690ஆம் ஆண்டு மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலமும் கோட்டையோடு சேரும் என்பது உடன்பாடு. குண்டு உப்பலவாடி முதலிய ஊர்ப்பெயர்கள் அதற்கு இன்றும் சான்றாக நிற்கின்றன. புனித தாவீது கோட்டை எனப் பெயர் பெற்ற அது, 1746இல் சென்னை பிரெஞ்சியர் கைப்பட்ட பின்னர், 1752வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கியது. 1758 சூன் திங்களில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றினார்.

இக்காலப் போர்களில் கொடி இறங்கியது என்றால் கோட்டை வீழ்ந்தது என்பதே பொருள். இறக்கம் தோல்வியின் அடையாளமாயிற்று. எவர் கொடி ஏறினும் எவர் கொடி இறங்கினும் உள்ளூர் மக்கள் அதனைப் பார்த்திருந்தவர்களேயன்றி, அதற்கு உரியவர்கள் அல்லர்.

உரிமைக் கொடி

மக்கள் தமக்கென ஒரு கொடியை எண்ணத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். ‘தாயின் மணிக்கொடி’ பாடிய பாரதியார், 1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறியபோது கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். அவர் பாடிய கொடி இன்றைய சக்கரக் கொடியன்று. இக்கொடி பிறக்கும் முன்பே, 1921இல் அவர் மறைந்துவிட்டார். 1932 சனவரியில் திருப்பூர்க் குமரன் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் கைக்கொடியை விடவில்லை. அவர் காத்ததும் நாம் இன்று ஏற்றும் கொடியின் முன்னோடியையே. அரசியல் நிர்ணய சபை இன்றைய தேசியக் கொடியை ஏற்றுக்கொண்டது 1947 சூலை 22 அன்று.

தில்லைக் கொடிமரம்

இறக்கம் தோல்வியன்று, நிறைவு என்னும் பாடத்தைத் தில்லை நமக்குத் தருகிறது. நடராசர் கோயிலில் ஆனித் திருமஞ்சனப் பெருவிழாவும் மார்கழித் திருவாதிரைப் பெருவிழாவும் கொடியேற்றத்தோடு தொடங்குவன. பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவம் தீட்சிதர்களால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் இருந்தபோது, விழாக்கொடி ஏற மறுத்ததென்றும், அவர் கொடிக்கவி பாடிய பின்னரே ஏறியதென்றும் மரபு கூறும். சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் ஒன்றான அந்நூல் நான்கே பாடல்களால் ஆயது. கொடியை உயர்த்துவது கயிறு மட்டுமன்று, உள்ளமும்கூட என்பதே இக்கதையின் உட்கிடை. கொடியேற்றத்தைப் போலவே கோயில் விழாவில் கொடியிறக்கமும் ஒரு சடங்காகும். கொடி இறங்கிய பின்னரே விழா நிறைவெய்தும்.

இதே கோயிலில் விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் மூவண்ணக் கொடியைத் தட்டில் வைத்து, நடராசர் திருமுன் வழிபாடு செய்து, மேளதாளத்துடன் எடுத்துச் சென்று கிழக்குக் கோபுரத்தில் ஏற்றுவது வழக்கமாக இருந்து வருகிறது. பழைய மரபு புதிய கொடியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டதற்கு இது தக்க சான்றாகும்.

விதி சொல்லும் இறக்கம்

2002 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பும் இறக்கத்தில் கருத்துடையது. கொடியை விரைந்து ஏற்றுதல் வேண்டும். மெதுவாக, மரியாதையுடன் இறக்குதல் வேண்டும். துக்க நாளில் அரைக்கம்பத்தில் பறக்கவிடுமுன் முதலில் உச்சிவரை ஏற்றிப் பின்னரே தாழ்த்துவர்; மாலையில் இறக்குமுன் மீண்டும் உச்சிக்கு உயர்த்துவர். துயரிலும் கொடி தன் முழு உயரத்தைத் தொட்டே இறங்குகிறது! அரசு மரியாதை பெறுவோரின் உடல்மேல் போர்த்திய கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. கொடி தரையைத் தொடலாகாது. கிழிந்த கொடியைத் தனியிடத்தில் முழுமையாக எரித்தோ, மாண்பு குன்றாத வேறு வழியிலோ நீக்குதல் வேண்டும். கையில் அசைத்த காகிதக் கொடிக்கும் இவ்வகை மரியாதை உண்டு. அதனைத் தெருவில் எறிதல் ஆகாது.

கைந்நூல், கைத்தறித் துணியாலேயே கொடி அமைதல் வேண்டும் என்றிருந்த விதி 2021 டிசம்பரில் தளர்ந்து, பொறியில் நெய்த பாலியஸ்டர் துணிக்கும் இடம் தந்தது. 2022 சூலையில் பொதுமக்கள் தம் இல்லங்களில் இரவும் பகலும் கொடியைப் பறக்கவிட இசைவளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வீடுதோறும் கொடி பறந்தது மகிழத்தக்கதே. எனினும் கதிரவன் மறையுமுன் இறக்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்கிய இடத்தில், இறக்க வேண்டும் என்னும் நினைவும் உடன் நீங்கிற்று. மாடிக் கைப்பிடியில் கட்டிய கொடி வெயிலில் வெளுத்து, மழையில் நைந்து, கம்பியில் சிக்கித் தொங்கக் காண்கிறோம். ஏற்றியவர் எவரும் அவமதிக்க எண்ணியவர் அல்லர். இறக்குவதும் தம் கடமை என எண்ணாதவர். சட்டத்தின் தண்டனை வேண்டுமென்றே இழிவு செய்வோரைத் தடுக்கும். மறதியைத் தடுக்க மரபு ஒன்றாலேயே இயலும்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். தேசிய விழா நாள்களில் ஏற்றும் கொடியை மாலையில் இறக்குவதையும் ஒரு நிகழ்ச்சியாகக் கொள்வோம். இருவர் நின்று இறக்கி, மடித்து, உரிய இடத்தில் வைக்கட்டும். கூடியிருப்போர் எழுந்து நிற்கட்டும். தேவனாம்பட்டினத்தில் தோல்வியாகக் கருதப்பட்ட இறக்கத்தைத் தில்லை நிறைவாக்கியது. ஏற்றத்திற்குக் கவி பாடும் கவிஞர்கள் இனி இறக்கத்திற்கும் ஒரு கவி பாடுவார்களாக!