குப்பையில் போடத் தெரியாத நெட்வொர்க்

1980 அக்டோபர் 27. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் அன்னைக்கு அப்படியே படுத்துடுச்சு. சில மணி நேரம் யாருக்கும் எதுவும் போய்ச் சேரல. எரிக் ரோசன் அதைப் பத்தி எழுதின அறிக்கைதான் ஆர்எஃப்சி 789. துப்பறியும் கதை மாதிரி ஒரே மூச்சுல படிச்சேன்.

ஆர்பாநெட்டில் தகவலை வழி அனுப்பும் கம்ப்யூட்டருக்குப் பேர் ஐஎம்பி. ஒவ்வொண்ணும் தன் லைன் நிலவரத்தை எல்லாருக்கும் சொல்லிட்டே இருக்கும். எது புதுசுன்னு தெரியணுமே, அதுக்காக ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண். 63 முடிஞ்சா மறுபடி 0. கடிகாரம் மாதிரி, முன்பக்கம் அரை வட்டத்துக்குள்ள இருக்கிற எண்தான் புதுசு. பழசைத் தூக்கிப் போடு, புதுசை அடுத்தவனுக்குக் கொடு. அவ்வளவுதான் விதி.

அன்னைக்கு 29ஆம் ஐஎம்பியின் ஹார்டுவேர் கோளாறில் சில பிட்டுகள் உதிர்ந்துபோச்சு. பக்கத்து 50ஆம் ஐஎம்பியின் செய்தி 44, 40, 8 என்று மூணு எண்ணோட கிளம்பிடுச்சு. இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. 40-ஐ விட 44 புதுசு. 8-ஐ விட 40 புதுசு. வட்டம் சுத்தி வந்தா, 44-ஐ விட 8 புதுசு! எதுவுமே பழசு இல்ல. அதனால எதையும் தூக்கிப் போட முடியல. நிலவரச் செய்திக்கு முன்னுரிமை வேற. மத்த தகவலெல்லாம் வரிசையில் நின்னே செத்துச்சு. ஒரு ஐஎம்பியை ரீஸ்டார்ட் பண்ணாலும் பக்கத்து வீட்டுக்காரன் அதே மூணையும் திரும்பக் கையில் திணிப்பான்.

கடைசியா 50-இலிருந்து வர்ற நிலவரச் செய்தி எதையும் கண்டுக்காதேன்னு எல்லா ஐஎம்பிக்கும் பேட்ச் போட்டாங்க. முரட்டு வைத்தியம்தான். ஆனா அந்த நேரத்துக்கு எனக்கும் வேறெதுவும் தோணியிருக்காது.

1981 செப்டம்பரில் வந்த ஐபி விதியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆயுள் எண் உண்டு. வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதைக் குறைக்கும். பூஜ்யமானா பாக்கெட் குப்பைக்கு. போட்டுட்டேன்னு அனுப்பினவருக்கு ஐசிஎம்பி என்ற தகவலும் போகலாம். அந்தத் தகவலே வழியில் செத்தா? அதுக்கு இன்னொரு இரங்கல் கடிதம் கிடையாதுன்னு அதே மாசம் வந்த ஐசிஎம்பி விதி சொல்லுது. இல்லாட்டி மறுபடி 8, 40, 44 கதைதான்.