யாருக்கு லட்டு, எத்தனை நாளைக்கு?

தமிழ்நாட்டுல குழந்தைகளுக்கு அரசாங்கம் சோறு போட்ட கதைன்னா, காமராஜரும் எம்.ஜி.ஆரும்தான் நம்ம ஞாபகத்துக்கு வருவாங்க. இன்னைக்கு நான் பேசப்போறது அதிகம் யாரும் பேசாத ஒண்ணு: தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 1980-ல, உலக வங்கிக் கடனோட, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்துல தொடங்கினது.

பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு மதிய உணவு ஏற்கெனவே இருந்துச்சு. ஆனா ஊட்டச்சத்துக் குறைவு உடம்பைப் பாழாக்குறது அதுக்கு ரொம்ப முன்னாடி. தாய்ப்பால் மட்டும் போதாமப் போற ஆறாவது மாசத்துலேர்ந்து மூணு வயசுக்குள்ள. அந்தக் குழந்தை தட்டைத் தூக்கிட்டு வரிசையில வந்து நிக்காது. நாமதான் தேடிப் போகணும்.

தேடிப் போனது அந்தந்த ஊர்ப் பெண்கள். மாசாமாசம் குழந்தைகளை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில புள்ளி வைப்பாங்க. ரொம்ப மெலிஞ்ச குழந்தைக்கு உடனே சத்துணவு. மத்தவங்களுக்கு, எடை எவ்வளவுங்கிறதைவிட, கூடுதா நிக்குதாங்கிறதுதான் கேள்வி. (சர்வரைக் கண்காணிக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். சர்வர் விழுந்தப்புறம் வர்ற அலர்ட்டால என்ன பிரயோஜனம்?) கோடு படுத்தா 90 நாளைக்குத் தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்த லட்டு. மையத்துலயே சாப்பிடணும், வீட்டுக்குப் போனா பங்கு பிரிஞ்சிடும். தேறலைன்னா இன்னும் கொஞ்ச நாள் நீளும். கர்ப்பிணிகள், பாலூட்டுற தாய்மார்கள்லயும் தேவைப்பட்டவங்களைத் தேர்ந்தெடுத்துதான் கொடுத்தாங்க.

தேறிட்டா? லட்டு நிக்கும். கணக்குப்படி ரொம்பச் சரி, செலவும் மிச்சம். ஆனா அதே ஊர்ல குடியிருந்துக்கிட்டே, "உன் பிள்ளை தேறிடுச்சும்மா, நாளையிலேர்ந்து கிடையாது"ன்னு ஒரு தாய்கிட்டச் சொல்றது அந்த ஊழியரோட வேலை. பிள்ளை தேறியிருக்கும், வீட்டு அடுப்பு மாறியிருக்காது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நல்லாவே குறைஞ்சுது. நடுத்தரக் குறைவு அந்த அளவுக்கு அசையலை. எனக்கு இதுல ஆச்சரியமே இல்லை.

1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்துச்சு. எடை பார்த்துச் சலிக்கிற வேலையே இல்லை, வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. கொண்டாடப்பட்டது அதுதான். ஆனா அதுவும் ரெண்டு வயசுக்கு மேலதான். அதுக்குக் கீழ இருந்த குழந்தைக்கு, கிராமத்துல அந்தத் தராசும் லட்டும்தான் இருந்துச்சு.